ஸ்பீக்கர் செயலி திறந்ததும் மூடிக்கொள்கிறதா? ரீசெட் பட்டனை அழுத்தும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அப்பா படுக்கும் அறையில் ஒன்று என மூன்று வயர்லெஸ் ஸ்பீக்கர்கள். மூன்றையும் இயக்குவது ஒரே செயலி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்வை மங்கிய பிறகு அவருக்குத் துணை அந்த ஸ்பீக்கரில் வரும் வானொலிதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை செயலியைத் திறந்தேன். லோகோ வந்தது, இரண்டு நொடி வெள்ளைத் திரை, பிறகு தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாலும் அதே கதை. "என்னம்மா, இன்னிக்கும் ரேடியோ வராதா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கோளாறு தீர முழுதாக 19 நாள் ஆனது.

அந்த 19 நாளில் வீட்டுக்கு வந்து பார்த்த இரண்டு பேருக்கு 500, 500 ரூபாய். புது ரூட்டர் 2,400 ரூபாய். மூன்று ஸ்பீக்கரையும் ரீசெட் செய்யப் போய் அறைப் பெயர்கள், குரூப்புகள், சேமித்த வானொலி நிலையங்கள் எல்லாம் போயின. கடைசியில் பிரச்சினை சரியானபோது ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. வரிசை தெரியாமல் செய்ததுதான் என்னை அலைக்கழித்தது. நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் முடித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மட்டும் புரிந்துகொள்ளுங்கள். செயலியைத் திறந்ததும் அது வீட்டு வைஃபைக்குள் "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று குரல் கொடுக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் பெயர், மாடல், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைச் சொல்லிப் பதில் அனுப்பும். கைப்பேசியில் கோளாறு இருக்கலாம், செயலியில் இருக்கலாம், இந்தக் குரல் போகும் வைஃபையில் இருக்கலாம், பதில் சொல்லும் ஸ்பீக்கரிலும் இருக்கலாம். நாலில் எது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள்.

1. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள் (15 நிமிடம்)

ஸ்பீக்கரின் அடியில் சின்ன எழுத்தில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணை வருத்திக்கொள்ள வேண்டாம். அப்புறம் கைப்பேசி மாடல், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் பதிப்பு, செயலியின் பதிப்பு எண், ரூட்டர் மாடல், வைஃபை பாஸ்வேர்டு, செயலிக் கணக்கின் மின்னஞ்சல், பாஸ்வேர்டு. செயலி திறக்காவிட்டாலும் அதன் பதிப்பு எண்ணைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்தச் செயலியின் பெயர் என்று போனால் கடைசி வரியில் இருக்கும்.

பிரச்சினை தொடங்கிய நாளையும், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். கரண்ட் போனதா, செயலி அப்டேட் ஆனதா, ரூட்டர் மாற்றினார்களா? என் தாளில் "முந்தின நாள் ராத்திரி இரண்டு தடவை கரண்ட் போச்சு" என்று இருந்தது. அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

செயலி மூடிக்கொள்வதை வீட்டில் இருக்கும் இன்னொரு கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். 20 நொடி போதும். சர்வீஸ்காரர் வரும்போது மட்டும் செயலி ஒழுங்காகத் திறந்துவிடும், அப்போது உங்களிடம் சாட்சி இருக்க வேண்டும்.

பில்லையும் இப்போதே தேடி எடுங்கள். கடைகளில் தரும் வழவழப்பான பில் சென்னை வெயிலுக்கு ஓராண்டுக்குள் வெளுத்துவிடும். என்னுடையதில் கடைப் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, தேதி போயே போய்விட்டது. படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். வெளிநாட்டுப் பொருள் விற்கும் பர்மா பஜாரில் பில் இல்லாமல் வாங்கியிருந்தால் இந்திய வாரண்டியை நம்ப முடியாது. வெளிநாட்டுக்கென்று தயாரான ஸ்பீக்கராக இருந்தால் செயலியில் நாடு இந்தியா என்று இருக்கும்போது சிலது சேராமல் போகும், அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வைஃபையை அணைத்துவிட்டுச் செயலியைத் திறங்கள் (2 நிமிடம்)

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கைப்பேசியில் வைஃபையை அணையுங்கள். மொபைல் டேட்டா மட்டும் இருக்கட்டும். பின்னணியில் இருக்கும் செயலியை முழுதாக மூடிவிட்டு மறுபடி திறங்கள்.

"வைஃபையில் இணையுங்கள்" என்றோ "ஸ்பீக்கர் எதுவும் கிடைக்கவில்லை" என்றோ சொல்லிக்கொண்டு செயலி மூடாமல் நின்றால், கைப்பேசியும் செயலியும் அநேகமாகச் சரியாக இருக்கின்றன. வீட்டு வைஃபையோ ஸ்பீக்கரோதான் அதைக் கவிழ்க்கிறது. மூன்றாம் படியைத் தாண்டி நான்காவதுக்குப் போங்கள்.

வைஃபை இல்லாமலும் மூடிக்கொண்டால் கோளாறு கைப்பேசியில் அல்லது செயலியில். மூன்றாம் படிக்குப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் இன்னொருவர் கைப்பேசியில் அதே செயலியை இறக்கி, உங்கள் வைஃபையில் திறந்து பாருங்கள். அதிலும் மூடிக்கொண்டால் உங்கள் கைப்பேசிமேல் பழி இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் கைப்பேசியில் நான் இதை முதல் நாளே செய்திருந்தால் ரூட்டர் வாங்கியிருக்க மாட்டேன்.

3. கைப்பேசிப் பக்கக் கோளாறு (30 நிமிடம், செலவு இல்லை)

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் செயலியைத் திறந்து பாருங்கள். மூன்றை ஒன்றாகச் செய்தால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கைப்பேசியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்ஆப் வீடியோக்களே பல கைப்பேசிகளை நிரப்பிவிடுகின்றன. குறைந்தது 2 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

அடுத்து, ஆண்ட்ராய்டில் செயலியின் ஸ்டோரேஜ் பக்கத்தில் 'கிளியர் கேஷ்' அழுத்துங்கள். இதனால் தற்காலிக ஃபைல்கள் மட்டும் போகும், வேறு எதுவும் அழியாது. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' வேறு. அதை அழுத்தினால் செயலி புதிதாக நிறுவியதுபோல் ஆகிவிடும், மறுபடி லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஐபோனில் கேஷ் மட்டும் அழிக்கும் வசதி கிடையாது, செயலியை நீக்கி மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. பல செயலிகள் தங்கள் திரையைக் காட்ட 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ' என்ற பொதுப் பகுதியை நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் அதன் ஒரு அப்டேட் பழுதாகி, உலகம் முழுக்க ஒரே நாளில் ஏகப்பட்ட செயலிகள் இப்படித் திறந்ததும் மூடிக்கொண்டன. உங்கள் கைப்பேசியில் ஸ்பீக்கர் செயலியோடு வேறு சில செயலிகளும் அதே நாளில் மூட ஆரம்பித்திருந்தால் பிளே ஸ்டோரில் வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்யுங்கள்.

அனுமதிகளையும் பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி இல்லாமல் செயலியால் வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரைப் பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டு 13 முதல் வைஃபை சாதனங்களைத் தேட 'நியர்பை டிவைசஸ்' என்ற அனுமதி உண்டு, அதற்கு முந்தையதில் லொக்கேஷன். முதல்முறை கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்போம். விபிஎன், விளம்பரம் தடுக்கும் செயலி, பேட்டரி சேவர் மூன்றையும் சற்று நேரம் அணைத்துவிட்டு முயலுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் விமர்சனங்களை 'புதியது முதலில்' என்று வரிசைப்படுத்திப் படியுங்கள். இந்த வாரம் பலரும் ஒரே புகாரைச் சொன்னால் தவறு கம்பெனியுடையது, உங்கள் வீட்டில் திருத்த எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகளுக்கும் இது நடக்கும். 2024 மே மாதம் சோனோஸ் தன் செயலியை முழுதாக மாற்றி வெளியிட்டபோது பலருக்கு ஸ்பீக்கர்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை, ஜூலையில் அதன் தலைமை அதிகாரி பொதுவில் மன்னிப்புக் கேட்டார். இப்படிப்பட்ட நேரத்தில் காத்திருப்பதே வழி. அவசரப்பட்டு ஏதோ ஒரு தளத்திலிருந்து பழைய பதிப்பின் ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோர் இல்லாமல் செயலியை நேரடியாக நிறுவும் ஃபைல்) இறக்காதீர்கள். வங்கிச் செயலிகள் இருக்கும் அதே கைப்பேசியில் யார் கைபட்டது என்று தெரியாத ஃபைலை நிறுவுவது பெரிய ஆபத்து.

4. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள் (30 நிமிடம்)

எனக்கு விடை கிடைத்த இடம் இதுதான்.

எல்லா ஸ்பீக்கர்களின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பேட்டரி உள்ள ஸ்பீக்கராக இருந்தால் பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். கைப்பேசியில் வைஃபையைப் போட்டுச் செயலியைத் திறங்கள். மூடாமல் நிற்கிறதா? நிற்கிறது என்றால் ஒரே ஒரு ஸ்பீக்கரைப் போடுங்கள். முழுதாக இயங்க இரண்டு நிமிடம் கொடுங்கள். செயலியை மூடித் திறங்கள். சரியாக இருந்தால் அடுத்ததைப் போடுங்கள்.

நான் அப்பா அறை ஸ்பீக்கரைப் போட்டேன், செயலி மூடாமல் நின்றது. ஹாலில் போட்டேன், நின்றது. இரண்டிலும் ஒலி கூட்டிக் குறைத்தேன், எல்லாம் பழையபடி. சமையலறை ஸ்பீக்கரின் பிளக்கைச் சொருகினேன். அதன் மேலே இருக்கும் சின்ன விளக்கு வெள்ளையாகி நிற்க வேண்டும், ஆனால் ஆரஞ்சு நிறத்தில் விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது. என் கையில் திறந்திருந்த செயலி அந்த நொடியே மூடிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கினேன், செயலி திறந்தது. சொருகினேன், மூடிக்கொண்டது. நான்கு முறை செய்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். பல ஸ்பீக்கர்கள் இரவில் தாமாகவே மென்பொருள் அப்டேட் செய்துகொள்ளும். அன்றிரவு அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. அரைகுறையாக நின்ற ஸ்பீக்கர் அனுப்பிய பதிலைச் செயலியால் படிக்க முடியவில்லை, அதனால் விழுந்தது. மற்ற இரண்டு ஸ்பீக்கரும் 19 நாளும் நன்றாகவே இருந்தன.

குற்றவாளி ஸ்பீக்கரைக் கண்டுபிடித்ததும் அதை மட்டும் எடுத்து வையுங்கள். மற்றவை அன்றே வேலை செய்யும். நான் முதலில் செய்த காரியம், அப்பா அறை ஸ்பீக்கரில் வானொலியைப் போட்டதுதான்.

அடாப்டரையும் ஒரு கண் பாருங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றில் பிளக் முனை கறுத்து, சில சமயம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். இணைப்பு விட்டு விட்டு வந்தால் ஸ்பீக்கர் அடிக்கடி தானாக அணைந்து எழும். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்த பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். அடாப்டர் மாற்றுவதாக இருந்தால் வோல்ட்டும் ஆம்பியரும் பழையதில் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். முனை பொருந்துகிறதே என்று வேறு சாதனத்தின் அடாப்டரைச் சொருகாதீர்கள்.

5. எல்லா ஸ்பீக்கரும் அணைந்தும் வைஃபையில் மட்டும் மூடிக்கொண்டால் (40 நிமிடம்)

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வீட்டில் எத்தனை வைஃபை பெயர்கள் இருக்கின்றன? ஃபைபர் கம்பெனிக்காரர் வாசல் பக்கம் மாட்டிய பெட்டியில் ஒரு வைஃபை. உள் அறைக்குச் சிக்னல் வரவில்லை என்று நாம் வாங்கி வைத்த ரூட்டரில் இன்னொன்று. கைப்பேசி ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றொன்றிலும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. இரண்டும் ஒரே நெட்வொர்க்காக இருக்க வேண்டும். நம் ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில், அதாவது தனி நெட்வொர்க் உருவாக்காமல் ஃபைபர் பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டிக்கும்படி, மாற்றித் தரச் சொன்னால் லைன் பார்க்க வரும் தம்பியே செய்துவிடுவார். "லைன்ல ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் ஸ்பீக்கரைச் சேர்க்காதீர்கள். அதில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். ரூட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' என்று ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள்.

அடுத்தது நெரிசல். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து வீடுகளிலும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர்கள் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று, 1, 6, 11. ரூட்டர் பக்கத்தில் 'ஆட்டோ' என்று இருப்பதை இவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைத் தாண்டினால் பலம் குறையும். ரயில் பெட்டிபோல் நீளமான வீடுகளில் பின்கட்டு ஸ்பீக்கருக்கு 2.4 தான் சரி.

கரண்ட் போய் வந்த பிறகு செய்ய வேண்டிய வரிசையும் உண்டு. ஃபைபர் பெட்டியை முதலில் போடுங்கள், இரண்டு மூன்று நிமிடம் கழித்து ரூட்டர், அதன் விளக்குகள் நிலையானதும் ஸ்பீக்கர்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று 1,300 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த செலவு அது ஒன்றுதான்.

6. ரீசெட்: சந்தேகப்பட்ட ஸ்பீக்கருக்கு மட்டும் (30 நிமிடம்)

இப்போதுதான் ரீசெட் பட்டனுக்கு வருகிறோம். எந்தப் பட்டனை எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள், யூடியூபில் வேறு மாடலுக்குச் சொன்னதைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கரை ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளைப் பொருத்தும் இடம் இருந்தால் அதிலேயே இணையுங்கள். ரீசெட் ஆனதும் செயலியில் சேர்த்து, உடனே மென்பொருளை அப்டேட் செய்யுங்கள். 10 முதல் 20 நிமிடம் ஆகலாம். அதுவரை சுவிட்ச் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் பகுதிகள் முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். நம் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்டேட்டைத் தொடங்குங்கள். மழை, காற்று நாளில் வேண்டவே வேண்டாம்.

எங்கள் சமையலறை ஸ்பீக்கர் இரண்டாவது முயற்சியில் எழுந்தது. முதல் முயற்சியில் அப்டேட் நின்றுபோனதும் பயந்துவிட்டேன். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி செய்தபோது வந்தது.

7. அதுவரை பாட்டு கேட்க

செயலி இல்லாமலும் ஸ்பீக்கர் பாடும். புளூடூத் இருந்தால் நேராக இணையுங்கள். வைஃபை வழியாகப் பாட்டை அனுப்ப, உங்கள் ஸ்பீக்கர் ஏற்கும் என்றால் ஐபோனில் ஏர்பிளே, ஆண்ட்ராய்டில் பாட்டுச் செயலிக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் குறி. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே செய்து கொடுங்கள், நான் செய்யத் தவறினேன்.

8. சர்வீஸ், வாரண்டி, புகார்

கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. கைப்பேசித் திரையைப் பகிரச் சொன்னாலோ, பத்து ரூபாய் அனுப்பிப் பதிவு செய்யச் சொன்னாலோ உடனே துண்டியுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணோ கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணோதான் சரி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

போனில் பேசினாலும் மின்னஞ்சலும் அனுப்புங்கள். முதல் படியில் எழுதிய விவரங்கள், வீடியோ, பில் படம், நீங்கள் செய்து பார்த்த படிகள் எல்லாம் ஒரே மின்னஞ்சலில் போகட்டும். நான் அப்படி எழுதிய பிறகு "ரூட்டரை அணைத்துப் போட்டீர்களா?" என்ற கேள்வி நின்றது. செயலி விழுந்ததற்கான பதிவை அவர்கள் கேட்டால் ஐபோனில் பிரைவசி பக்கத்தில் 'அனாலிடிக்ஸ் டேட்டா' என்ற பட்டியலில் கிடைக்கும். ஆண்ட்ராய்டின் 'பக் ரிப்போர்ட்' (கோளாறு அறிக்கை) ஃபைலில் உங்கள் சொந்தத் தகவல்களும் கலந்திருக்கும், கம்பெனியின் அதிகாரபூர்வ முகவரி தவிர வேறு எங்கும் அனுப்ப வேண்டாம்.

"இது சாஃப்ட்வேர் பிரச்சினை, வாரண்டியில் வராது" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். செயலி இல்லாமல் இயங்காத ஒரு பொருளை விற்றுவிட்டு செயலிக்குப் பொறுப்பில்லை என்பதை ஏற்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அங்கும் தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நம் பக்கத்துக்குச் சென்னை (வடக்கு) ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பில் நகல், வாரண்டி அட்டை, மின்னஞ்சல்களின் அச்சு, அடையாள அட்டை நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள்.

ஒவ்வொரு அழைப்பிலும் புகார் எண் கேட்டு வாங்குங்கள். தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் முதல் படியில் எழுதிய அதே தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டே வாருங்கள்.